ஸ்கேன் நார்மல் என்றால் வெள்ளிக்கிழமை ஆடலாம் என்று அர்த்தமில்லை

"டாக்டர், சிடி ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். வெள்ளிக்கிழமை மேட்ச் ஆடலாம்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்திருங்க."

நான் டெக்சாஸில் விளையாட்டு மருத்துவம் பார்க்கிறேன். இங்கே பள்ளிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில்தான். திங்கட்கிழமை காலை கிளினிக்கில் இந்தப் பேச்சு கேட்காமல் ஒரு சீசனும் போனதில்லை. போன வாரம் இதைச் சொன்னவர் ஒரு தமிழ் அப்பா. தலையில் அடிபட்டு வந்திருந்த அவர் மகன் பள்ளி அணியின் க்வார்ட்டர்பேக், அதாவது ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடங்கி, பந்தை எறிந்து, அணியை நடத்துகிறவன். "அவன் இல்லாம டீமே இல்ல டாக்டர்" என்றார்.

பையனிடம் டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். ஆகஸ்ட்டில் நின்றுவிட்டான். கையை நீட்டி, கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னேன். நாலைந்து முறை திருப்பியதுமே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தரையில் ஒட்டியிருக்கும் டேப்பின் மேல் அடிமேல் அடி வைத்து அவனால் நடக்க முடியவில்லை. அப்பா ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகும் கேட்டார்: "ஆனா ஸ்கேன் க்ளியரா இருக்கே?"

எல்லாப் பெற்றோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிடி ஸ்கேன் பார்ப்பது ரத்தக்கசிவு இருக்கிறதா, மண்டையோடு உடைந்திருக்கிறதா என்பதைத்தான். இரண்டும் இல்லை என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று நிம்மதி அடையலாம். அதோடு அதன் வேலை முடிந்தது. கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி வேறு விஷயம். அதில் மூளையின் உருவம் அப்படியே இருக்கும், வேலை செய்வதுதான் குழம்பிப் போயிருக்கும். வீட்டில் கரன்ட் இருக்கிறதா என்று வீட்டைப் போட்டோ எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா? கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேன் நார்மலாகத்தான் வரும். எம்ஆர்ஐயும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே நார்மல் ஸ்கேன் கன்கஷன் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது, ஆடுவதற்கான அனுமதிச் சீட்டும் ஆகாது. தலைவலி, தலைசுற்றல், வெளிச்சம் கூசுவது, எரிச்சல், தூக்கக் குழப்பம், பாடம் மண்டையில் ஏறாதது, இவற்றை வைத்தும் மேலே சொன்ன சோதனைகளை வைத்தும்தான் முடிவு செய்கிறோம். "மயக்கம் போட்டு விழலையே" என்பதும் வாதம் இல்லை. பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுத்துவிடாது.

அடுத்தது அந்த "டீமே இல்ல." என்எஃப்எல் என்கிற தொழில்முறை ஃபுட்பால் லீக்கில் ஆடும் மயாமி டால்பின்ஸ் அணிக்கு நடந்ததைக் கொஞ்சம் பாருங்கள்.

2022 செப்டம்பர் 25. பஃபலோ பில்ஸ் அணிக்கு எதிரான மேட்ச். டால்பின்ஸின் க்வார்ட்டர்பேக் டுவா டங்கோவைலோவா தள்ளப்பட்டு விழுந்ததில் தலையின் பின்புறம் தரையில் மோதியது. எழுந்தார், தலையை உதறினார், இரண்டடி வைப்பதற்குள் கால் தள்ளாடியது. கூட இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சோதித்த பிறகு, தள்ளாட்டத்துக்குக் காரணம் முதுகுவலி என்று சொல்லப்பட்டது. இரண்டாம் பாதியில் மறுபடி இறங்கினார், அணி 21-19 என்று ஜெயித்தது. நான்கே நாள் கழித்து சின்சினாட்டியில் மறுபடி ஒரு மோதல். இந்த முறை விரல்கள் விறைத்து முகத்துக்கு முன்னால் கோணிக்கொண்டு நின்றன. அந்தக் காட்சியை எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் மறக்க மாட்டோம். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அந்த மேட்சில் அணி தோற்றது.

அடுத்த வாரமே லீக் விதியை மாற்றியது. தள்ளாடினால் காரணம் எதுவானாலும் அன்றைக்கு அந்த வீரர் வெளியேதான். விதி வந்த மறுநாளே அது டால்பின்ஸ் மேலேயே பாய்ந்தது. மாற்று க்வார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் மேட்ச் தொடங்கி அணி பந்தைக் கையில் எடுத்த முதல் முயற்சியிலேயே அடிபட்டார். அவர் தள்ளாடியதாகக் கண்காணிப்பாளர் சொன்னதும் வெளியே அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ஆளாக ஒரு புதுமுகம் இறங்கினார், 40-17 என்று தோற்றார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தோல்விதான் சரியான தோல்வி.

டுவா திரும்பி வந்ததும் அணி தொடர்ந்து ஐந்து மேட்ச் ஜெயித்தது. நட்சத்திர வீரர் இருந்தால் அணிக்கு லாபம்தான், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் டிசம்பர் 25 அன்று கிரீன் பே அணியுடன் ஆடியபோது மறுபடி அடி. மைதானத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் கடைசி வரை ஆடினார். நான்காம் கால்பகுதியில் மட்டும் மூன்று பந்துகளை எதிரணியின் கையில் எறிந்தார். மறுநாள்தான் அறிகுறிகள் தெரியவந்தன. அதோடு அவருக்கு அந்த சீசன் முடிந்தது. ப்ளேஆஃப் என்கிற, தோற்றால் வெளியேறும் சுற்றில் அவர் இல்லாமல் இறங்கி 34-31 என்று தோற்றார்கள். 2024 செப்டம்பரில் இன்னொரு கன்கஷன், நான்கு மேட்ச் போயின, அவற்றில் அணி ஜெயித்தது ஒன்றே ஒன்று.

என் கண்ணில் இதன் கணக்கு எளிது. குழம்பிய மூளையோடு நிற்கும் க்வார்ட்டர்பேக் அணிக்கு உதவுவதில்லை. யார் எங்கே ஓடுகிறார்கள் என்று அரை நொடியில் பார்த்து முடிவெடுப்பதுதான் அவன் வேலையே. அத்தோடு மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் இழப்பு ஒரு வாரத்தோடு நிற்காது. வளரும் பிள்ளைகளுக்கு, அரிதாக, அந்த இரண்டாவது அடியில் மூளை வீங்கி உயிரே போயிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 2006-இல் 13 வயது ஜாக்கரி லிஸ்டெட் அடிபட்டும் திரும்ப ஆட இறங்கி, மூளையில் ரத்தம் கசிந்து வாழ்நாள் ஊனத்துக்கு ஆளானான். அவன் பெயரில் 2009-இல் சட்டம் வந்தது. இப்போது எல்லா மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் 2011 முதல், கோச் தானே முடிவு செய்து பிள்ளையைத் திரும்ப இறக்க முடியாது. டாக்டர் எழுதித் தர வேண்டும், பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் தயவுசெய்து "கோச் ஓகே சொல்லிட்டார்" என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

திரும்புவதற்குப் படிகள் உண்டு. முதல் ஓரிரு நாள் ஓய்வு, போனும் கேமும் வேண்டாம். அதற்காக வாரக்கணக்கில் இருட்டறையில் அடைத்தும் வைக்காதீர்கள், அது பழைய வைத்தியம். அப்புறம் நடை, மெல்ல சைக்கிள், ஓட்டம், பந்து எறிவது, மோதல் இல்லாத பயிற்சி. பிறகு என் அனுமதியோடு முழுப் பயிற்சி, கடைசியில்தான் மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி கூடினால் ஒரு படி கீழே. எப்படிக் கூட்டினாலும் அடுத்த வெள்ளிக்கிழமை வராது. பல பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் ஆகும்.

சீசனுக்கு முன்னால் கணினியில் ஒரு நினைவாற்றல் சோதனை வைப்போம், அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க. அதில் வேண்டுமென்றே குறைவாக மதிப்பெண் எடுத்துவைத்தால் பின்னால் தப்பிக்கலாம் என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது பெரும்பாலும் தெரிந்துவிடும். இருந்தாலும் வீட்டில் நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள். தலைவலி மாத்திரையைக் கொடுத்து வலியை அடக்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று கூட்டிவருவதும் வேண்டாம்.

திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறும் பேச்சு, ஒரு பக்கம் பலவீனம், ஒரு கண்பாப்பா மட்டும் பெரிதாவது, எழுப்ப எழுப்ப எழாதது. இதில் எது தெரிந்தாலும் என் கிளினிக்குக்குக் காத்திருக்காமல் 911-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. மைதானத்துக்கு முன்னால் வகுப்பறை. வீட்டுப்பாடத்தைக் குறைக்கவும் பரீட்சையைத் தள்ளிவைக்கவும் இடையிடையே நர்ஸ் அறையில் ஓய்வு தரவும் சொல்லிப் பள்ளிக்கு நான் ஒரு கடிதம் தருவேன். அதைப் பையன் பையிலேயே விட்டுவிடாமல் மறுநாள் காலை நீங்களே பள்ளியின் மாணவர் ஆலோசகர் (கவுன்சிலர்) கையில் கொடுங்கள்.