முறை வைத்து வரும் முகங்கள்: பகல் நேர டிவி நிகழ்ச்சிக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

சேலம் சிவதாபுரத்தில் என் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் காலை பத்து மணிக்கெல்லாம் கொலுசு வேலை களைகட்டிவிடும். பெரியம்மாவும் பக்கத்து வீட்டு அக்காக்கள் இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டறையிலிருந்து வந்த வெள்ளிச் சங்கிலியில் சலங்கை கோத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே கூடத்தில் டிவி ஓடும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. கண்ணை எடுத்தால் வளையம் தவறிவிடும். காது மட்டும்தான் டிவிக்கு.

ஒரு நாள் பதினொரு மணி அரட்டை நிகழ்ச்சியின் தொடக்க இசை முடிந்து ஒரு பெண் குரல் "வணக்கம்" என்றது. தலையை நிமிர்த்தாமலே பெரியம்மா சொன்னார்: "இன்னைக்கு சின்னப்புள்ள வந்திருக்கு."

"அப்ப கண்ணாடிக்காரம்மா நாளைக்குத்தான்" என்றார் பக்கத்தில் இருந்த அக்கா. அவரும் நிமிரவில்லை.

அந்த நிகழ்ச்சியில் ஏழெட்டுத் தொகுப்பாளர்கள் முறை வைத்து வருவார்கள். ஒரு நாளைக்கு மூன்று பேர். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான் இதுவும். யார் வந்தாலும் பெரியம்மாவுக்குச் சம்மதமே. ஆனால் அடுத்த வாரம் முற்றிலும் புதியவர் ஒருவர் வந்தபோது, "என்ன பேசுதுன்னே வெளங்கல, சத்தத்தக் கூட்டு" என்றார். அந்தப் புதியவர் பேசியது தெளிவான தமிழ். டிவியின் சத்தமும் அதேதான். வழக்கமானவர்களில் யார் மாறி வந்தாலும் தெளிவாகக் கேட்கும் காது, புதியவரிடம் மட்டும் ஏன் தடுமாறியது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான், தொகுப்பாளர்களை முறை மாற்றுவதற்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

முதலில் காதைப் பார்ப்போம். ஒரே "அ" என்ற எழுத்தை இரண்டு பேர் சொன்னால் இரண்டு வெவ்வேறு ஒலிகள் வருகின்றன. தொண்டையின் நீளம், நாக்கின் அசைவு, மூக்கறையின் வடிவம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே மூளை சொல்லைப் புரிந்துகொள்வதற்கு முன், பேசுகிறவரின் குரல்வாகைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காதுக்குச் சற்று மேலே, மூளையின் பொட்டுப் பகுதியில், மற்ற ஒலிகளைவிட மனிதக் குரலுக்கு அதிகமாக எழும்பும் இடங்கள் உண்டு. பாஸ்கல் பெலினும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் மூளை ஸ்கேன் மூலம் அவற்றைக் காட்டினார்கள்.

நமக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு 1994இல் நடந்தது. லின் நைகார்ட், மிட்செல் சோமர்ஸ், டேவிட் பிசோனி மூவரும் சிலரைக் கூட்டி, பத்துப் பேரின் குரல்களை ஒன்பது நாட்கள் கேட்கவைத்து, எந்தக் குரல் யாருடையது என்று பழக்கினார்கள். பிறகு இரைச்சலோடு கலந்து புதிய சொற்களைக் கேட்கவைத்தார்கள். பழகிய குரல்கள் சொன்ன சொற்களை அவர்களால் கூடுதலாகக் கண்டுபிடிக்க முடிந்தது. சொல் புதியது, குரல்தான் பழையது. அந்தப் பழக்கமே இரைச்சலைத் தாண்டிக் கேட்க உதவியிருக்கிறது.

திண்ணைக்கு எதிரே மெருகு போடும் மோட்டார் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் பெரியம்மாவின் காது ஏழெட்டுக் குரல்களை மாதக்கணக்கில் பழக்கி வைத்திருக்கிறது. புதியவரின் குரலுக்கு அந்தப் பயிற்சி இல்லை. பெரியம்மா குறை சொல்லவே இல்லை, காதுக்குள் நடந்ததை அப்படியே சொன்னார். சேலத்தில் தறிக் குழியிலும் கொலுசுப் பட்டறையிலும் டிவி பெரும்பாலும் இப்படிக் கேட்கப்படுகிற ஒன்றுதான். நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் முகத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது குரலுக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

காதுக்கு அடுத்தது மனசு. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கேமராவை நேராகப் பார்த்து, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போல ஒருவர் தினமும் பேசினால், பார்ப்பவருக்கு அவரோடு ஒரு பழக்கம் உண்டாகிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. இந்த உறவு ஒருபக்கமானது. தொகுப்பாளருக்கு என் பெரியம்மாவைத் தெரியாது. ஆனால் பெரியம்மாவுக்கு அவருடைய மகள் எந்த வகுப்பு என்பது வரை தெரியும். 1968இல் ராபர்ட் சயான்ஸ் இன்னொன்றைக் காட்டினார். ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே போதும், அதன் மீது விருப்பம் கூடுகிறது. அதற்காக வேறு எந்த நன்மையும் கிடைக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் ஒரே ஆளைத் தினமும் கொண்டுவருவதுதானே லாபம்? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பழகிய முகம் ஒரேயடியாகப் போய்விட்டால், உறவு முறிந்தது போன்ற வருத்தம் பார்வையாளருக்கு வருகிறது. இதை ஜோனதன் கோஹன் இஸ்ரேல் பார்வையாளர்களிடம் ஆராய்ந்து 2004இல் எழுதினார். பிணைப்பு எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழம் வருத்தமும். ஒரே தூணில் கூரையை நிறுத்திய வீடு போன்றது அது. பழக்கத்தை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒருவர் விலகினாலும் கூரை நிற்கும்.

நடைமுறைக் காரணமும் உண்டு. நம் ஊர்ச் சமையல் நிகழ்ச்சிகள் பலவற்றில் ஒரே நாள் ஷூட்டிங்கில் நாலைந்து எபிசோடுகளை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அங்கே தொகுப்பாளருக்குக் காய்ச்சல் வந்தாலும் நிகழ்ச்சி ஓடும். நேரலை அப்படியல்ல. அமெரிக்காவில் ஏபிசி 1997இல் தொடங்கிய 'தி வியூ' நிகழ்ச்சியில் வெவ்வேறு தலைமுறைப் பெண்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். பிரிட்டனில் ஐடிவி 1999இல் தொடங்கிய 'லூஸ் விமன்' இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பெரிய கூட்டத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து நாளுக்கு நான்கு பேரை உட்கார வைக்கிறது. நம் வீடுகளுக்கும் இது புதிதல்ல. 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியில் ஷோபனா ரவி ஒரு நாள், ஃபாத்திமா பாபு ஒரு நாள் என்று செய்தி வாசிப்பவர்கள் மாறி மாறித்தான் வந்தார்கள். யார் வாசித்தாலும் அது நமக்குச் செய்திதான். நேரமும் இசையும் மேஜையும் மாறாமல் இருந்ததால் முகம் மாறியது உறுத்தவில்லை.

ஆனால் செய்தி வாசிப்பதும் அரட்டையும் ஒன்றல்ல. அரட்டையில் ஆளைவிட ஜோடி முக்கியம். சின்னப்புள்ளையும் கண்ணாடிக்காரம்மாவும் சேர்ந்தால் சிரிப்பு, கண்ணாடிக்காரம்மாவும் டாக்டரம்மாவும் சேர்ந்தால் சண்டை. மூன்று பேர் உட்கார்ந்தால் மூன்று ஜோடிகள், நான்கு பேர் என்றால் ஆறு. ஏழு தொகுப்பாளர்களிடையே மொத்தம் 21 ஜோடிகள் இருக்கின்றன. நாளுக்கு மூன்று ஜோடிகள் வீதம் ஏழு நாட்களுக்கும் 21. அப்படியானால் ஒரே வாரத்தில் எல்லா ஜோடிகளும் சரியாக ஒருமுறை சேர்வது போல முறை வைக்க முடியுமா?

முடியும். பெரியம்மா வீட்டிலேயே அதைச் செய்து பார்த்தேன். ஏழு சலங்கைகள் சம இடைவெளியில் தொங்கும் ஒரு சின்னக் கொலுசை எடுத்துக் கொக்கியை மாட்டினால் வட்டம். ஒரு தாளில் அதை வைத்து, சலங்கைகளைச் சுற்றி 1 முதல் 7 வரை எண் எழுதினேன். எண்கள்தான் தொகுப்பாளர்கள். முதல், இரண்டாம், நான்காம் எண்களுக்கு எதிரே இருந்த சலங்கைகளில் சிவப்பு நூல் கட்டினேன். திங்கட்கிழமை 1, 2, 4 ஆகிய எண்களுக்கு உரியவர்கள் வருவார்கள். இனி ஒவ்வொரு நாளும் கொலுசை ஒரு சலங்கை தூரம் திருப்பினால் போதும். செவ்வாய் 2, 3, 5. புதன் 3, 4, 6. வியாழன் 4, 5, 7. வெள்ளி 5, 6, 1. சனி 6, 7, 2. ஞாயிறு 7, 1, 3. ஒவ்வொருவருக்கும் வாரத்தில் மூன்று நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு. எந்த இரண்டு பேரை எடுத்தாலும் சரியாக ஒரே நாளில் சேர்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை விரலால் எண்ணியே பார்க்கலாம். ஏழு சலங்கை வட்டத்தில் எந்த இரண்டு சலங்கைகளுக்கும் நடுவே உள்ள குறுகிய தூரம் ஒன்று, இரண்டு, மூன்று இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நூல் கட்டிய மூன்றில், 1க்கும் 2க்கும் தூரம் ஒன்று. 2க்கும் 4க்கும் இரண்டு. 1க்கும் 4க்கும் மூன்று. ஒவ்வொரு தூரமும் ஒரே ஒருமுறை வருகிறது. ஆகவே கொலுசு ஒரு முழுச் சுற்று சுற்றும்போது எந்த ஜோடியும் விடுபடாது, எதுவும் இரண்டாம் முறை வராது. லூஸ் விமன் போல நாளுக்கு நான்கு பேர் என்றால் 13 சலங்கைகள் வேண்டும். 1, 2, 4, 10 ஆகியவற்றில் நூல் கட்டித் திருப்பினால் 13 நாட்களில் 78 ஜோடிகளும் ஒவ்வொரு முறை சேர்ந்துவிடும்.

கணித உலகில் இந்த ஏழின் அமைப்புக்கு இத்தாலியக் கணித அறிஞர் ஜினோ ஃபானோவின் பெயர். இங்கிலாந்துப் பாதிரியார் தாமஸ் கிர்க்மன் 1850இல் கேட்ட புதிரும் இதே குடும்பம்தான். 15 மாணவிகள் மூன்று மூன்று பேராக ஏழு நாட்கள் நடந்து போகிறார்கள், எந்த இருவரும் இரண்டாம் முறை ஒரே வரிசையில் வரக்கூடாது என்றால் எப்படி நிறுத்துவது? பிறகு இது வயலுக்கு வந்தது. ஏற்காடு மலைச் சரிவில் ஏழு காப்பி ரகங்களை ஒப்பிட வேண்டும், ஒரே மண்வாகு உள்ள படியில் மூன்றுக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரகங்களைத் தொகுப்பாளர்களாகவும் படிகளை நாட்களாகவும் நினைத்தால் அதே கொலுசுக் கணக்கு உதவும். ஒவ்வொரு ரகமும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒரே மண்ணில் ஒருமுறை போட்டியிட்டுவிடும். இத்தகைய அமைப்புகளைக் கட்டும் வழிகளைக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்த ஆர். சி. போஸ் 1939இல் விரிவாக எழுதினார். பள்ளிக்கூடத்தில் அவர் பெயரை எனக்கு யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஆறு பேர்தான் இருக்கிறார்கள் என்றால்? அப்போது ஒருமுறை மட்டும் என்பது நடக்காது. ஒருவருக்கு மற்றவர்கள் ஐந்து பேர். அவர் வரும் ஒவ்வொரு நாளும் இரண்டிரண்டு பேராகத்தான் சந்திக்க முடியும். ஐந்தை இரண்டிரண்டாகப் பிரிக்க முடியாது, முடிந்தது கதை. ஆனால் ஒவ்வொரு ஜோடியும் இருமுறை சேரலாம் என்றால் பத்து நாட்களில் கச்சிதமாக அமைகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டு வாரம், ஆளுக்கு ஐந்து நாள் வேலை.

நிஜத்தில் யாரும் இவ்வளவு சுத்தமாக முறை போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒருவருக்குச் சினிமா ஷூட்டிங், இன்னொருவருக்குப் பிள்ளைக்குத் தேர்வு. மூன்றில் ஒருவராவது காதில் இயர்பீஸ் மாட்டி, உள்ளேயிருந்து புரொட்யூசர் சொல்லும் நேரத்தைக் கேட்டபடியே பேச்சையும் நடத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எல்லோருக்கும் அது வராது. சேர்ந்தாலே பேச்சு படுத்துவிடுகிற ஜோடிகளும் உண்டு.

பெரியம்மா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒருத்தி பிரசவத்துக்குப் போயிட்டா?" என்று கேட்டார். 4ஆம் எண்ணை அடித்துவிட்டுப் பார்த்தோம். அவர் வர வேண்டிய நாட்கள் திங்கள், புதன், வியாழன். அந்த மூன்று நாட்களிலும் புதிதாக ஒருவரை உட்காரவைத்தால், திங்களன்று அவருக்குப் பக்கத்தில் 1, 2. புதனன்று 3, 6. வியாழனன்று 5, 7. மூன்றே நாளில் மற்ற ஆறு பேரோடும் அவர் சேர்ந்துவிடுகிறார். ஒவ்வொரு முறையும் அவருக்கு இரண்டு பக்கமும் திண்ணைக்கு ஏற்கெனவே பழகிய குரல்கள். அவர் சொன்னது விளங்காமல் போனாலும், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் பதிலிலிருந்து பேச்சைப் பிடித்துக்கொள்ளலாம்.

"அப்ப அன்னைக்கு வந்த புதுப்புள்ளையையும் இப்படி நடுவுல உக்கார வெச்சிருக்கணும்" என்றார் பெரியம்மா. அன்று அந்தப் பெண் அரை மணி நேரம் தனியாகவே பேசினார். சிவப்பு நூலை அவிழ்த்துவிட்டுக் கொலுசைத் தட்டில் திருப்பி வைத்தேன். அது சாயங்காலம் பட்டறைக்குப் போக வேண்டும்.