148 அடி என்று ஒரு பொய்

கனடாவின் வான்கூவர் தீவின் தென்முனைக் கடலில், தூண்டிலை ஈயக்குண்டோடு ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிகர் என்ற கருவியை வைத்துச் சிறு படகில் சால்மன் பிடிக்கப் போகிற வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "டவுன்ரிகரின் கவுன்ட்டர் 150 அடி என்கிறது. சோனார் திரையில் கடல்தரை 144 அடி என்று தெரிகிறது. அப்படியானால் ஈயக்குண்டு தரைக்குள் 6 அடி புதைந்திருக்க வேண்டும். ஆனால் அது தரையைத் தொடக்கூட இல்லை. கவுன்ட்டர் கெட்டுவிட்டதா, சோனார் கெட்டுவிட்டதா?"

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. கவுன்ட்டர் காட்டுவது எவ்வளவு கம்பி வெளியே போயிருக்கிறது என்பதை. ஆழத்தை அளக்கிற வேலையே அதற்குக் கிடையாது. சோனாரை நம்புவதில் வேறொரு சிக்கல் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படகின் பின்பக்கத்தில் ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் உள்ள கப்பி வழியாக, ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இறங்கும். கம்பியின் அடியில் ஓர் ஈயக்குண்டு, பெரும்பாலும் 10 முதல் 15 பவுண்டு வரை. குண்டுக்குச் சற்று மேலே ஒரு கிளிப். தூண்டில் நரம்பை அந்தக் கிளிப்பில் கவ்வவிட்டுக் குண்டோடு சேர்த்து ஆழத்துக்கு இறக்குவார்கள். படகு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும், இதுதான் டிரோலிங். மீன் கடித்து இழுத்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும். அதன் பிறகு கோலுக்கும் மீனுக்கும் நடுவே எடை எதுவும் இல்லை.

சால்மனில் கோஹோ என்ற வகை பெரும்பாலும் மேல்நீரில் திரியும். சினூக் என்ற வகை ஆழத்தை விரும்பும். குளிர்காலச் சினூக் தரையை ஒட்டியே இரை தேடும், தரைக்கு மேலே சில அடிகளுக்குள் தூண்டில் போகாவிட்டால் அன்றைக்கு வெறும் படகுச் சவாரிதான். எனவே சில அடி வித்தியாசம் அற்ப விஷயமில்லை.

இனி குண்டு எங்கே போகிறது என்று பார்ப்போம். 12 பவுண்டு என்பது 5.44 கிலோ. அந்தக் குண்டு ஒதுக்கும் கடல்நீர் அரைக் கிலோ, ஆகவே நீருக்குள் அது சுமார் 4.9 கிலோ எடையோடு கீழ்நோக்கி இழுக்கும். படகு 2.5 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் போகிறது. தண்ணீர் குண்டைப் பின்னால் தள்ளுகிறது. எவ்வளவு விசையோடு? யாரைக் கேட்டாலும் "குண்டு பெரிசாச்சே, நிறையத் தள்ளும்" என்பார்கள். கணக்குப் போட்டால் வெறும் 0.3 கிலோ. இந்த விசை மட்டும் இருந்தால் கம்பி மூன்றரை பாகைதான் சாயும், யார் கண்ணுக்கும் தெரியாது.

தண்ணீர் உண்மையில் தள்ளுவது கம்பியை. மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த நூலிழையை!

நம்பக் கஷ்டமாக இருக்கும், பரப்பளவைப் பாருங்கள். குண்டின் விட்டம் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். ஓடிவரும் நீருக்கு அது காட்டும் முகம் 74 சதுர சென்டிமீட்டர். 150 அடிக் கம்பியோ 45.7 மீட்டர் நீளம். அதை 0.8 மில்லிமீட்டரால் பெருக்கினால் 366 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாளில் பாதிக்கும் மேலே. பரப்பிலேயே ஐந்து மடங்கு. அதோடு வடிவமும் சேர்ந்துகொள்கிறது. உருண்டையை நீர் எல்லாப் பக்கமும் சுற்றிக்கொண்டு போய்விடும். கம்பியை இரண்டு பக்கமாகத்தான் கடக்க முடியும். ஒரே பரப்புக்குக் கம்பி வாங்கும் இழுவை உருண்டையைப் போல இரண்டு மடங்கு. ஐந்தை இரண்டால் பெருக்குங்கள், பத்து. கம்பி வாங்கும் இழுவை 3 கிலோவுக்கும் மேல். 5 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட கம்பியை 3 கிலோ விசை பக்கவாட்டில் தள்ளுகிறது என்றால், சாயாமல் என்ன செய்யும்?

கம்பியின் மேல் விரல் வைத்தால் இந்தத் தள்ளலை உணரவும் முடியும், அது ரீங்கரிக்கும். கம்பிக்குப் பின்னால் நீர் இடம் வலம் என மாறி மாறிச் சுழிகளை உதிர்க்கிறது. ஒவ்வொரு சுழியும் கம்பியை ஒரு தட்டு தட்டும். காற்றில் கம்பிகள் பாடுவதை 1878ஆம் ஆண்டு செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ட்ஸ் ஸ்ட்ரோஹல் ஆராய்ந்தார். அந்த விதி தண்ணீருக்கும் பொருந்தும். வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து, வருவதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் நொடிக்கு எத்தனை தட்டு என்று கிடைக்கும். நம் கம்பிக்கு 320. வேகம் கூடினால் சுருதியும் கூடும்.

கம்பி நேர்கோடாகச் சாய்வதில்லை என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பட்டத்து நூலைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டுக்குப் பக்கத்தில் உள்ள கம்பித்துண்டு குண்டின் இழுவையை மட்டும் சுமக்கிறது, அதனால் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது. அதற்கு மேலே உள்ள துண்டு, குண்டின் இழுவையோடு தனக்குக் கீழே உள்ள கம்பியின் இழுவையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். மேலே போகப்போகச் சுமை ஏறும், சாய்வும் ஏறும். கப்பியில் வந்து சேரும்போது 35 பாகை. மொத்தத்தில் கம்பி அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கிறது.

இந்த வளைவைத் துண்டுதுண்டாகக் கூட்டினால் வாசகரின் கேள்விக்கு விடை வந்துவிடும். 12 பவுண்டு குண்டு, 150 அடிக் கம்பி. 2 நாட்டில் குண்டின் உண்மையான ஆழம் சுமார் 145 அடி. 2.5 நாட்டில் 139. 3 நாட்டில் 130. (தோராயக் கணக்குதான். கம்பி சாய்ந்த பிறகு இழுவை கொஞ்சம் குறையும், கிளிப்பில் மாட்டிய தூண்டில் சரக்கு கொஞ்சம் கூட்டும்.) வாசகரின் குண்டு தரைக்கு மேலே 5 அடி உயரத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சினூக்குக்கு அது அருமையான இடம், அவர் கவலைப்பட்டது வீண்!

இந்த இழப்பு கம்பி நீளத்தின் மும்மடிக்கு ஏறத்தாழ இணையாக ஏறுகிறது. 60 அடி இறக்கினால் ஒரு அடிதான் போகும். கோஹோ மட்டும் பிடிப்பவர்கள் இதைப் பற்றிக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள்.

இனி சோனார். ஆழ்கடல் பக்கம் போனால் குண்டு திரையில் ஒரு நேர்க்கோடாகத் தெரியும், அதுவும் 148 அடியில். "பார்த்தீர்களா, இரண்டே அடிதான் வித்தியாசம்" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். சோனார் அளப்பது ஒலி போய்த் திரும்பும் நேரத்தை, அதாவது நேர்த்தூரத்தை. குண்டு 139 அடி கீழே, 51 அடி பின்னால். பித்தகோரஸைக் கூப்பிட்டால் சாய்வுத் தூரம் 148 அடி. திரையோ அதை நேர் கீழே இருப்பதாக வரைந்துவிடுகிறது. வேகத்தை 3 நாட்டுக்கு ஏற்றுங்கள். குண்டு 9 அடி மேலே வந்துவிடும், திரையில் அந்தக் கோடு 148இலிருந்து 147க்கு மட்டும் நகரும். கம்பி அதிகம் வளையாதவரை சாய்வுத் தூரமும் கம்பி நீளமும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆகவே கவுன்ட்டருக்குச் சோனாரைச் சாட்சியாகக் கூப்பிடுவதில் அர்த்தமில்லை. குறுகிய கற்றை உள்ள சோனார் என்றால் குண்டு கற்றைக்கு வெளியே போய்த் திரையிலிருந்தே மறைந்துவிடும். குண்டு அறுந்துவிட்டது என்று பதறி மேலே ஏற்றிப் பார்த்தால் பத்திரமாக இருக்கும்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? கப்பியில் கம்பி சாயும் கோணத்தை. பள்ளிக்கூடக் கோணமானி போதும். பலர் அந்தக் கோணத்தின் கோசைனை அப்படியே கம்பி நீளத்தோடு பெருக்கிவிடுகிறார்கள். 35 பாகைக்கு 123 அடி வரும், ஒரேயடியாகக் குறைவு. கீழ்ப்பகுதி செங்குத்தாக இருப்பதை மறந்துவிட்ட கணக்கு அது. மேல்கோணத்தில் பாதிக்கும் சற்றே கூடுதலாக, 35க்கு 22 என்று எடுத்துக்கொண்டால் சரியாக வரும்.

கோணம் இன்னொன்றும் சொல்லும், தண்ணீருக்குள் உங்கள் உண்மையான வேகம். ஜிபிஎஸ் காட்டுவது நிலத்தை வைத்து அளந்த வேகம். ஒரு நாட் நீரோட்டத்தை எதிர்த்து ஜிபிஎஸ்ஸில் 2.5 வைத்து ஓட்டினால் குண்டு உணர்வது 3.5. அதே வேகத்தில் நீரோட்டத்தோடு போனால் 1.5. தீவுக்குத் தெற்கே உள்ள ஹுவான் டி ஃபூகா நீரிணையில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். ஃபிரேசர் போன்ற ஆறுகளின் நன்னீர் கலந்த மேல்நீர் மொத்தத்தில் பசிபிக்கை நோக்கி வெளியேறுகிறது, அடர்ந்த உப்புநீர் அடியில் உள்ளே வருகிறது. இதன் மேல் ஓதத்தின் ஏற்ற இறக்க ஓட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே படகு மிதக்கும் தண்ணீரின் போக்கு ஒன்று, குண்டு இருக்கும் தண்ணீரின் போக்கு வேறு. "மேற்கே போகும்போது கடிக்குது, திரும்பி வரும்போது கடிக்க மாட்டேங்குது" என்கிற பேச்சுக்கு ராசி காரணமில்லை. இரண்டு திசைக்கும் ஒரே ஜிபிஎஸ் வேகத்தை வைத்தது காரணம். ஒரே கம்பிக் கோணத்தை வையுங்கள்.

வேகத்தைக் குறைத்தே ஆழம் வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதைத் தடுப்பது ஃபிளாஷர். 11 அங்குல நீளமுள்ள இந்தப் பளபளப்பான பிளாஸ்டிக் தகடு 2.5 நாட் வாக்கில் முழு வட்டமாகச் சுழலும். ரொம்ப மெதுவாகப் போனால் இப்படியும் அப்படியும் ஆடுவதோடு சரி. அதன் பின்னால் 36 முதல் 42 அங்குல நரம்பில் வரும் ஹூச்சி ஒரு பிளாஸ்டிக் கணவாய், அதற்குச் சொந்த அசைவு கிடையாது. ஃபிளாஷர் சுண்டினால்தான் அது துள்ளும். நரம்பை நீளமாக்கினால் சுண்டல் வழியிலேயே செத்துவிடும். தானே சுழலக்கூடிய உண்மையான இரைக்கு 5, 6 அடி விடலாம். ஆகவே வேகத்தை விட்டுவிட்டு எடையைக் கூட்டுவதுதான் வழி. ஆனால் 15 பவுண்டு 142 அடி வரைதான் கொண்டுபோகும். 12 பவுண்டு குண்டு 2 நாட்டில் தொடும் 145 அடியை 2.5 நாட்டில் தொட 20 பவுண்டு வேண்டும். அலையில் ஆடும் சிறு படகில் 9 கிலோ ஈயம் கையருகே ஊசலாடுவதை விரும்புபவர்கள் குறைவு. கூடுதலாகக் கம்பியை விட்டுவிட்டுப் போவதே எளிது.

இறக்கும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. படகு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஃபிளாஷரை முதலில் நீரில் விட்டு, அது சுழல்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு, 15 முதல் 20 அடி பின்னால் போக விட்டுக் கிளிப்பில் மாட்டுங்கள். குண்டை மடமடவென்று இறக்கினால் ஃபிளாஷர் பின்னால் நீளுவதற்குள் நரம்பு கம்பியைச் சுற்றிக்கொள்ளும். சேர வேண்டிய ஆழத்துக்குப் போனதும் ரீலைச் சுற்றிக் கோல் நன்றாக வளையும்வரை இறுக்குங்கள். கிளிப்புக்கும் கோலுக்கும் நடுவே நரம்பும் நீரோட்டத்தில் வளைந்துதான் கிடக்கும். தொய்வோடு விட்டால், மீன் கிளிப்பை விடுவித்த நொடியில் தூண்டில் முள்ளில் பிடிமானமே இருக்காது. எதிர்முள் இல்லாத தூண்டில்தான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்குச் சட்டம் என்பதால், ஒரு கணத் தொய்வு ஒரு மீனுக்குச் சமம்.

கிளிப்பின் வாயில் நரம்பை ஆழமாகச் செருகினால் பிடி இறுகும். ரொம்ப இறுகினால் அளவு குறைந்த குட்டிச் சால்மன் கடித்தும் விடுபடாமல் மணிக்கணக்கில் இழுபட்டுச் சாகும். அதைக் கண்டுபிடிக்கக் கோல் நுனியைப் பாருங்கள். ஃபிளாஷர் சுழலும்போது நுனி சீராகத் துடிக்கும். அந்தத் தாளம் தப்பினால் கடற்பாசியோ, ஜெல்லிமீனோ, ஒரு குட்டியோ மாட்டியிருக்கிறது.

படகைத் திருப்பும்போது சட்டென்று திருப்பாதீர்கள், அகலமாக வளையுங்கள். இரண்டு பக்கமும் டவுன்ரிகர் இருந்தால், உள்பக்கக் குண்டு வேகம் குறைந்து ஆழத்துக்குப் போகும், வெளிப்பக்கக் குண்டு வேகமெடுத்து மேலே வரும். எந்தப் பக்கம் கடிக்கிறது என்று பார்த்தால் வேகத்தைக் குறைக்க வேண்டுமா கூட்ட வேண்டுமா என்பதை மீனே சொல்லிவிடும்.

கம்பியைச் சுற்றி ஒரு நம்பிக்கையும் உண்டு. எஃகுக் கம்பியும், படகின் உலோகம் அரிக்காமலிருக்கப் பொருத்தும் துத்தநாகக் கட்டியும் உப்புநீரும் சேர்ந்து ஒரு மின்கலம் போல வேலை செய்யும். வோல்ட்மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும், இதில் பொய்யில்லை. அந்த மின்னழுத்தத்தைச் சரிசெய்தால் சால்மன் ஓடிவரும் என்று தனிப் பெட்டியே விற்கிறார்கள். சுறாவுக்கும் திருக்கைக்கும் மின்புலத்தை உணரும் உறுப்புகள் உண்டு. சால்மனுக்கு அவை கிடையாது. என்னைக் கேட்டால், படகில் வாழைப்பழம் கொண்டுபோனால் மீன் கிடைக்காது என்கிற பழைய நம்பிக்கைக்கு இது பேட்டரி போட்ட அண்ணன். வோல்ட்மீட்டரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், படகின் மின்கசிவைக் கண்டுபிடிக்க உதவும்.

அந்தப் பெட்டிக்குச் செலவாகும் பணம் வேறு இடத்துக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவதுண்டு. பொரிப்பகத்தில் வளரும் சால்மன் குஞ்சுகளின் மூக்கில் ஒரு மில்லிமீட்டர் நீளக் குறியீட்டுக் கம்பியைச் செலுத்திக் கடலில் விடுகிறார்கள். பிடித்தவர்கள் மீன்தலையை ஒப்படைத்தால், எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு என்பதெல்லாம் அந்தத் துணுக்கில் இருக்கும். எந்த ஆற்று மீன் எங்கே பிடிபடுகிறது என்று தெரியவருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பார்க்க எந்தக் கவர்ச்சியும் இல்லாத, பல்லாண்டுகள் விடாமல் செய்ய வேண்டிய வேலை. நிதி வெட்டு வரும்போது முதலில் கத்தி விழுவது இந்த மாதிரி வேலைகள் மேல்தான் என்பது என் வருத்தம்.

கடைசியாக, குண்டு உண்மையிலேயே தரையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? டவுன்ரிகரின் பிரேக்கைக் குண்டைத் தாங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கியிருக்க வேண்டும். பலமான இழுப்பு வந்தால் அது வழுக்கிக் கம்பியை விட்டுக்கொடுக்கும். முழுக்க இறுக்கியிருந்தால், ஓட்டத்தில் போகும் சிறு படகின் பின்பக்கத்தைக் கம்பி கீழே இழுக்கும், அலை உள்ளே ஏறிவிடும். உடனே எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். கம்பியைத் தளர விட்டு, படகை மாட்டிய இடத்துக்கு மேலே கொண்டுபோய், வந்ததற்கு எதிர்த்திசையிலிருந்து இழுத்துப் பாருங்கள். கம்பி எஞ்சின் விசிறிக்குள் போகாமல் கவனம். வரவில்லையென்றால் வெட்டிவிடுங்கள். கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர் டவுன்ரிகருக்குக் கை எட்டும் தூரத்திலேயே தொங்க வேண்டும், பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் பயனில்லை.