கறிவேப்பிலை வேரடியில் ஆணி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. மாமியார் சொன்னபடி வேரடியில் இரும்பு ஆணி புதைத்தேன். பலனில்லையே, ஏன்?"

இப்படி மஞ்சளாவது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவால். ஆனால் ஆணி துருவாகும், துரு தண்ணீரில் கரையாது. சுவரோரம் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் இன்னும் மோசம். இரும்பு பக்கத்திலேயே கிடக்கும், வேருக்குக் கிடைக்காது.

மண் பாக்டீரியாக்கள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. இரும்பைக் கவ்வும் சேர்மங்களை வெளியே சுரந்து, இரும்போடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. 1860 முதல் நம் முன்னோர் நேட்டாலில் வெட்டிய கரும்பும் புல்லினம்தான். புல்லினங்களின் வேர்களும் இப்படிச் சுரக்கும்.

ஒரு பிடி மண்ணில் ஆயிரக்கணக்கான சேர்மங்கள். அவற்றில் இரும்பைக் கவ்வுவது எது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மண்சாற்றை நீண்ட குழாயில் ஓடவிட்டால் சேர்மங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். நன்றாகப் பிரிய அமிலம் சேர்ப்பார்கள். ஆனால் அமிலத்தில் பல சேர்மங்கள் இரும்பைக் கைவிட்டுவிடும். அதனால் குழாயின் முடிவில், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் மூலக்கூறுகளை எடைபோடும் கருவிக்குள் நுழையுமுன், அமிலத்தைத் தணித்து இரும்புக் கரைசலைக் கலக்கிறார்கள். கவ்வத் தெரிந்தது அந்தச் சில நொடிகளுக்குள் கவ்விவிடும். மற்றவை அப்படியே போகும்.

கவ்வியதை எடை காட்டிக்கொடுக்கும். இரும்பு (அணு எடை அலகில் 55.935) நுழையும்போது பொதுவாக மூன்று ஹைட்ரஜன் (3.023) வெளியேறும். மிச்சம், அதாவது கூடும் எடை, சுமார் 52.91. ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியா தரும் டெஸ்ஃபெரியாக்ஸமின் கருவி வரையும் எடை வரைபடத்தில் 561.361 என்ற இடத்தில் ஒரு முகடாகத் தெரியும். அதே நொடியில் 614.272-லும் ஒரு முகடு எழும். அதற்குச் சாட்சியும் உண்டு: இயற்கை இரும்பில் சுமார் 6 சதவீதம் எடை குறைந்த இரும்பு-54. ஆகவே 612.277-ல் ஒரு குட்டி முகடு, பெரியதில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு உயரத்தில் நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், பெயரே தெரியாத சேர்மமானாலும் பிடிபட்டது!

இதே டெஸ்ஃபெரியாக்ஸமின்தான், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் உடலில் தேங்கும் இரும்பை வெளியேற்றும் மருந்து. மண்ணை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பல மில்லியன் ராண்ட் விலை. அப்படியும் நம் மாணவர்களுக்கு வாங்கித்தர வேண்டியதுதான்.

சகோதரி, ஆணியைத் தோண்டி எடுத்துவிடுங்கள். நர்சரியில் 'ஐயர்ன் கீலேட்' என்று கேளுங்கள்: இரும்பை ஏற்கெனவே கவ்விக் கரைந்த நிலையில் வைத்திருக்கும் உரம் அது. சுண்ணாம்பு மண்ணுக்கு ஏற்ற வகையா என்று விசாரித்து வாங்குங்கள்.