சொல் விளக்கம்: கோபாலியெஸ்டர் – இணைபல்லெஸ்டர்

ஒரு வகைப் பிளாஸ்டிக்கின் பெயர் இது. கோ, பாலி, எஸ்டர் என மூன்று துண்டுகள் ஒட்டிய சொல். பின்னாலிருந்து பிரித்தால் எளிதில் புரியும்.

அமிலமும் ஆல்கஹாலும் சேரும்போது நீர் வெளியேறி உண்டாகும் சேர்மம்தான் எஸ்டர். 1848இல் ஜெர்மன் வேதியியலர் லெயோபோல்ட் க்மெலின் உருவாக்கிய பெயர் இது. ஜெர்மன் மொழியில் வினிகருக்கு எஸ்ஸிக் என்று பெயர். வினிகர் அமிலத்திலிருந்து பெற்ற 'எஸ்ஸிக் ஏத்தர்' என்ற திரவத்தின் பெயரைச் சுருக்கி எஸ்டர் ஆக்கினார். ஒரு பொருளின் பெயரை வெட்டி எடுத்த துண்டு என்பதால் மொழிபெயர்க்க இதற்குள் தனிப் பொருள் இல்லை. எஸ்டர் என்றோ, இலங்கை வழக்கில் எசுத்தர் என்றோ அப்படியே வைத்துக்கொள்வதுதான் சரி.

பாலி என்பது 'பல' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல். அதற்குத் தமிழில் 'பல்' தயாராக இருக்கிறது. பல் + உயிர் பல்லுயிர் ஆவதுபோல, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து பல் + எஸ்டர் பல்லெஸ்டர் ஆகும். சிறு மூலக்கூறுகள் கண்ணி கண்ணியாகக் கோத்து நீண்ட சங்கிலியான பாலிமரைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பலபடி என்கின்றன, இலங்கையில் பல்பகுதியம். கிரேக்க மூலத்தில் 'மெரோஸ்' என்றால் பகுதி. ஆகவே மூலத்துக்கு நெருங்கியது பல்பகுதியம்தான். சுருக்கமும் புழக்கமும் பலபடியின் பக்கம்.

'கோ' என்பது 'உடன்' என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டு. இங்கே 'இணை' பொருந்தும், 'கலப்பு' பொருந்தாது. இரண்டு பிளாஸ்டிக்குகளைத் தனித்தனியே செய்து உருக்கிக் கலந்தால்தான் கலப்பு. ஒரே சங்கிலிக்குள் வெவ்வேறு கண்ணிகள் வேதிப் பிணைப்பால் கோக்கப்பட்டிருந்தால் அது இணைபலபடி. அந்தச் சங்கிலி எஸ்டர் பிணைப்புகளால் ஆனதென்றால் இணைபல்லெஸ்டர்.

ஏன் கண்ணியை மாற்ற வேண்டும்? சோடா பாட்டிலுக்குப் பயன்படும் பெட் பிளாஸ்டிக்கிலிருந்து தொடங்கலாம். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற வேதியியலர்கள் டெரிப்தாலிக் அமிலத்தையும் எத்திலீன் கிளைக்காலையும் கோத்து இதைச் செய்தார்கள். அமிலத்தில் உள்ள தட்டையான பென்சீன் வளையம் சங்கிலிக்கு விறைப்பைத் தருகிறது. கண்ணிகள் ஒரே ஒழுங்கில் வருவதால், மெல்லக் குளிரவிட்டால் சங்கிலிகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகம் ஆகின்றன.

இந்த இடத்தில் நம் மொழியே நம்மைத் தடுக்கி விடுகிறது. படிகம், பளிங்கு என்றாலே நமக்குத் தெளிவு. பலபடியில் நிலைமை நேர்மாறு. படிகப் பகுதியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.45 கிராம், ஒழுங்கற்ற பகுதியில் சுமார் 1.33. இரண்டிலும் ஒளி வளையும் அளவு வேறு. படிகத் திரள்கள் ஒளியின் அலைநீளத்தை எட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் ஒளி சிதறிப் பொருள் பால்போல் வெளுக்கும். (பலபடிக்கும் படிகத்துக்கும் சொல்லளவில்கூட உறவில்லை, படிகம் ஸ்படிகத்திலிருந்து வந்தது.) பாட்டில் தெளிவாக இருப்பதற்கு வேறு உத்தி: உருகிய பெட்டைச் சட்டென்று குளிர்வித்து, பிறகு 100 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி, நீட்டி ஊதுகிறார்கள். அப்போது உண்டாகும் படிகங்கள் ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவு சிறியவை. மெல்லிய சுவருக்கு இது போதும். அரை அங்குலத் தகட்டை இப்படி நீட்ட முடியாது. அதன் நடுப்பகுதி குளிர நேரமாகும், அதற்குள் வெளுத்துவிடும்.

ஆகவே ஒழுங்கையே கெடுக்கிறார்கள். எத்திலீன் கிளைக்காலில் சுமார் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு சைக்ளோஹெக்சேன்டைமெத்தனால் என்ற பருத்த கண்ணியைச் சேர்த்தால் சங்கிலிகளால் அடுக்கிக்கொள்ள முடியாது. இதுவே பெட்-ஜி. தடித்த தகடும் தெளிவாக வரும். இன்னொரு பலனும் உண்டு, பலர் கவனிக்காதது. அந்த ஆறு கார்பன் வளையம் தட்டையானது அல்ல. நாற்காலி வடிவில் மடிந்திருக்கும், ஒரு மடிப்பிலிருந்து மற்றொன்றுக்குப் புரளும். அடி விழும்போது இந்தப் புரளல் அடியின் ஆற்றலை வெப்பமாக்கி விழுங்குகிறது. விரிசல் ஓடுவதற்கு முன் பொருள் வளைந்து கொடுக்கிறது.

குறை வெப்பத்தில் இருக்கிறது. பெட்-ஜி சுமார் 80 டிகிரியில் இளகிவிடும்; கொதிநீர் ஊற்றினால் வடிவம் போய்விடும். இதைச் சரிசெய்ய மூன்றாவது கண்ணி வந்தது. நான்கு கார்பன் வளையத்தில் நான்கு மெத்தில் தொகுதிகள் கொண்ட டெட்ராமெத்தில் சைக்ளோபியூட்டேன்டையால் அது. திரும்ப இடமில்லாத விறைத்த வளையம் என்பதால் இளகும் வெப்பநிலை 110 டிகிரிக்கு மேல் போகிறது. ஈஸ்ட்மன் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த ட்ரைடான் இந்த வகை. புரளும் வளையம் அடியைத் தாங்க, விறைத்த வளையம் சூட்டைத் தாங்குகிறது.

இந்தப் பிளாஸ்டிக் குருணைகளை உருக்கி வார்ப்பவர்கள் அடிக்கடி தவறுவது உலர்த்தலில். பெட் குருணையை 160 டிகிரிக்கு மேல் 4 முதல் 6 மணி நேரம் உலர்த்தி, ஈரத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே இறக்குவார்கள். அது முன்பே படிகமாக்கி வெளுத்த குருணை என்பதால் அந்தச் சூட்டிலும் ஒட்டாது. அதே சூட்டைப் பெட்-ஜிக்குக் கொடுத்தால் குருணைகள் இளகிக் கட்டியாகி உலர்த்தியை அடைத்துவிடும். அதற்கு 65 முதல் 70 டிகிரி, ட்ரைடானுக்கு 88 டிகிரி. நேரம் ஏறத்தாழ அதேதான். சூட்டைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்த முடியாது.

உலர்த்தாமல் உருக்கினால் என்ன ஆகும் என்பதற்கான விடை எஸ்டரின் வரையறையிலேயே இருக்கிறது. பிணைப்பு உண்டானபோது வெளியேறிய நீர், உருகுநிலைச் சூட்டில் திரும்பி வந்து அதே பிணைப்பை வெட்டுகிறது. ஈரம் மிகுதியானால் குமிழியும் வெள்ளிக் கீற்றும் தெரியும். கொஞ்சம் ஈரம்தான் ஆபத்து: பொருள் கண்ணாடிபோல் தெளிவாகவே வெளிவரும், சங்கிலிகள் மட்டும் குட்டையாகியிருக்கும். கீழே போட்டால்தான் தெரியும்.