கிருமிக்கும் நமக்கும் என்ன வரப்புத் தகராறு?

1892 அக்டோபரில், மியூனிக் நகரில், 73 வயது விஞ்ஞானி ஒருவர் காலராக் கிருமி வளர்த்த திரவத்தை எடுத்துக் குடித்தார். பெயர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். ஏதோ கிறுக்கர் என்று நினைத்துவிடாதீர்கள். நவீனப் பொதுச் சுகாதாரத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். காலராவுக்குக் காரணம் வளைந்த வடிவிலுள்ள ஒரு பாக்டீரியாதான் என்று ராபர்ட் காக் 1884இல் அறிவித்திருந்தார். கிருமி மட்டும் வந்தால் போதாது, மண்ணும் ஈரமும் பருவமும் கூடிவந்தால்தான் நோய் கிளம்பும் என்பது பெட்டன்கோஃபரின் கட்சி. அதை நிரூபிக்கத்தான் இந்தப் பரீட்சை. வயிற்றிலுள்ள அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று பிறகு யாரும் சாக்குச் சொல்லக் கூடாது பாருங்கள், அதற்காக அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டையும் சேர்த்துக்கொண்டார்.

சில நாள் வயிறு கடமுடா என்றது, கொஞ்சம் பேதியானது. அவ்வளவுதான். அதே காரியத்தைச் செய்துபார்த்த அவருடைய சீடர் எம்மெரிக்குக்கு மட்டும் பேதி கடுமையாகவே போனது, பிழைத்துக்கொண்டார்.

வழக்கில் ஜெயித்தவர் காக்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் கிழவர் கிளப்பிய கேள்வியை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே கிருமியை விழுங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு வயிறு இரைகிறது, இன்னொருவர் படுக்கையில் விழுகிறார் என்றால், கிருமி நுழைவதும் நோய் வருவதும் ஒன்றல்ல என்றாகிறது. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். உலக மக்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அந்த பாக்டீரியா தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் நோயாளி ஆகிறவர்கள் வாழ்நாள் முழுக்கக் கணக்கெடுத்தாலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்களின் உடம்பில் அது பாட்டுக்குக் கிடக்கிறது.

கிருமி என்றாலே நம்மை அழிக்க வந்த எதிரி என்று பேசிப்பேசி நமக்குப் பழகிவிட்டது. உண்மையில் அதற்கும் நமக்கும் வாய்க்கால் வரப்புத் தகராறு எதுவும் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் தின்பது, பெருகுவது, அடுத்த இடத்துக்குப் போவது. அந்தப் போக்கில் நமக்கு என்ன நேர்கிறது என்பதை எண்ணிக்கை, இடம், அதன் கையிலிருக்கும் கருவி, நம் உடம்பின் பதில் என்று பல விஷயங்கள் சேர்ந்து முடிவுசெய்கின்றன.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். ரத்தபேதி தரும் ஷிகெல்லா பாக்டீரியா வயிற்று அமிலத்தைத் தாங்கக்கூடியது. பத்து முதல் நூறு கிருமி உள்ளே போனாலே போதும், வேலையைக் காட்டிவிடும். காலராக் கிருமிக்கு அமிலம் ஆகாது. தன்னார்வலர்களிடம் செய்த சோதனைகளில், வெறும் வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலுக்குப் போய் நோய் உண்டாக்கப் பல கோடிக் கிருமிகள் தேவைப்பட்டன. பைகார்பனேட்டோடு கொடுத்தபோது பத்து லட்சமே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நீண்டகாலம் சாப்பிடுகிறவர்களுக்குக் குடல் தொற்றுகள் சற்று அதிகமாக வருவதும் இதே காரணத்தால்தான்.

இடம் என்ற விஷயம் இன்னும் சுவாரசியமானது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. அதே ஆசாமி ஒரு வெட்டுக்காயம் வழியாக உள்ளே இறங்கினால் சீழ்க்கட்டி; ரத்தத்தில் கலந்தால் இதய வால்வு வரை போய் உயிருக்கே உலை வைக்கும். பெருங்குடலில் சாதுவாக இருக்கும் ஈ.கோலையின் சில வகைகள் சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிட்டால் எரிச்சலும் காய்ச்சலும் வருகின்றன. ஆள் மாறவில்லை, விலாசம்தான் மாறியது.

சரி, சாதுவாக இருக்கிறவர்கள் எத்தனை பேர்? 2016இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி சராசரி ஆணின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நம் சொந்த செல்கள் 30 லட்சம் கோடி. நம் செல்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியா என்று இன்னும் பலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய, தோராயமான கணக்கு. மொத்த எடையும் கிட்டத்தட்ட 200 கிராம்தான். இவற்றில் பெரும்பகுதி இருப்பது பெருங்குடலில்.

இந்தக் கூட்டம் நமக்குச் செய்யும் பெரிய உதவி, வேற்றாளை உள்ளே விடாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது. எப்படி என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரிலுள்ள செல்களுக்கு இதுதான் முக்கிய எரிபொருள். பியூட்டிரேட்டை எரிக்க அந்த செல்கள் ஆக்சிஜனை நிறையச் செலவழிக்கின்றன. அதனால் குடலின் உட்பக்கம் ஆக்சிஜன் கசிவதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்களால் வாழ முடியும். ஒன்றுக்கொன்று தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு. ஆன்டிபயாடிக் மருந்து சாப்பிட்டு இந்த பாக்டீரியாக்கள் செத்தால் பியூட்டிரேட் குறைகிறது, ஆக்சிஜன் உள்ளே கசிகிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த சால்மொனெல்லா போன்றவற்றுக்குக் கொண்டாட்டம். எலிகளில் செய்த பழைய சோதனை ஒன்று இருக்கிறது: சாதாரண எலிக்குச் சால்மொனெல்லா தொற்றச் சுமார் ஒரு லட்சம் கிருமி தேவைப்பட்டது, முன்கூட்டியே ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்த எலிக்குப் பத்துகூடத் தேவைப்படவில்லை.

மனிதர்களிடம் இதே கதையை குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா காட்டுகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு சிலருக்கு விடாமல் பேதியாகுமே, அதன் மோசமான வடிவத்துக்குக் காரணம் இதுதான். உறங்கிக் கிடக்கும் இதன் வித்துகள் குடலில் முளைக்கலாமா வேண்டாமா என்பதைப் பித்தநீரிலுள்ள உப்புகளை மோப்பம் பிடித்துத் தீர்மானிக்கின்றன. கல்லீரல் சுரக்கும் நிலையிலேயே பித்த உப்பு இருந்தால் முளைக்கும். நல்ல பாக்டீரியாக்கள் அந்த உப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. அந்த மாறிய வடிவம் இதன் வளர்ச்சியையே முடக்கும். மாற்றுகிறவர்களை நாமே மருந்து கொடுத்து விரட்டியபிறகு கேட்க ஆளில்லை. அதனால்தான் திரும்பத்திரும்ப இந்த நோய் வந்தவர்களுக்கு ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்துக் குடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கேட்கவே குமட்டுகிறதா? 2013இல் வெளியான சோதனையில் முதல் தடவையிலேயே 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் நான்கு பேர்.

இனி கருவிகள். இங்கே மறுபடி காலராவுக்குத்தான் வர வேண்டும், இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

காலராக் கிருமியின் பூர்வீகம் நம் குடல் அல்ல. கடலும் ஆறும் கலக்கும் உப்புக்கரிப்பான நீரில், மிதக்கும் நுண்ணிய ஓட்டுயிர்களின் மேல் ஒட்டி வாழ்கிற உயிரி அது. அங்கே வாழ்பவற்றில் பெரும்பாலானவற்றிடம் நச்சே கிடையாது. நச்சுக்கான மரபணுக்கள் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸிடமிருந்து வந்தவை என்று 1996இல் வால்டோர், மெகலானோஸ் என்ற இருவர் காட்டினார்கள். குடல் சுவரில் பற்றிக்கொள்ள இந்த பாக்டீரியா மெல்லிய இழைகளை நீட்டுகிறது. அந்த வைரஸ் பாக்டீரியாவுக்குள் நுழைவதும் அதே இழைகளைப் பிடித்துத்தான். ஆக, நம் குடலில் ஒட்டத் தெரிந்த கிருமிக்குத்தான் நச்சும் வந்து சேர வாய்ப்பு. தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சும் இப்படி வைரஸ் கொண்டுவந்து கொடுத்ததுதான்.

நச்சு என்ன செய்கிறது? காலராவால் குடல் எப்படி இப்படி நீரைக் கொட்டுகிறது என்பது வெகுநாள் புதிராக இருந்தது. கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற மருத்துவ ஆய்வாளர் முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் கட்டி, கிருமியை முழுக்க வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் உள்ளே செலுத்தினார். கிருமி இல்லாமலே அந்தத் துண்டு நீர் கோத்து வீங்கியது. கிருமி வெளியே விடும் ஒரு பொருள்தான் காரணம் என்று 1959இல் எழுதினார். நோபல் பரிசுக்கு மரபியல் விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

அந்த நச்சுக்கு இரண்டு பகுதிகள். ஐந்து துண்டுகள் சேர்ந்த வளையம் ஒன்று குடல் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட கொழுப்பு மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. மீதிப் பகுதி செல்லுக்குள் போய், அங்கே தேவைப்படும்போது மட்டும் செயல்பட்டு அடங்க வேண்டிய ஒரு புரதத்தை அடங்கவிடாமல் பூட்டிவிடுகிறது. அந்தப் புரதம் ஓயாமல் கட்டளை போட, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சேதி மூலக்கூறு பெருகுகிறது. அதனால் குளோரைடு வெளியேறும் வழி திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடு வெளியே போக, சோடியம் பின்னால் போக, உப்பைத் தேடித் தண்ணீர் போகிறது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் இழப்பு ஏற்படலாம். சில மணி நேரத்தில் ஆள் போய்விடக்கூடும். ஆனால் குடல் சுவர் கிழிவதில்லை, செல் சாவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கிருமிக்கு இதனால் என்ன லாபம்? கோடிக்கணக்கில் பெருகிய அதன் வாரிசுகள் வெள்ளத்தோடு மறுபடி நீர்நிலைக்குப் போகின்றன. இந்த பாக்டீரியாக்கள் வெளிவிடும் சமிக்ஞை மூலக்கூறுகளைக் கொண்டு, தங்களைச் சுற்றி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவை அறிந்துகொள்கின்றன. கூட்டம் போதுமான அளவு பெருகியதும் நச்சுத் தயாரிப்பை நிறுத்தி, குடல் சுவரிலிருந்து பிரிந்து வெளியேறத் தயாராகின்றன.

எல்லாக் கிருமிக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று சொல்ல முடியாது. டெட்டனஸ் நச்சைப் பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 2.5 நானோகிராம் போதும், மனிதன் செத்துப்போக. மண்ணில் கிடக்கும் வித்து ஆழமான காயத்தில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் முளைக்கிறது. நச்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசையைத் தளரச் சொல்லும் சேதியைத் தடுக்கிறது. இதனால் அந்தக் கிருமிக்கு ஒரு பயனும் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அது பரவுவதே இல்லை. நச்சின் அளவு அவ்வளவு குறைவு என்பதால், பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. டெட்டனஸ் வந்து குணமானவருக்கும் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். போலியோ வைரஸும் அடிப்படையில் குடலில் வாழ்வதுதான். சுமார் 200 தொற்றுகளில் ஒன்றில் நரம்புக்குள் போய் முடக்குவாதம் தருகிறது. பரவுவதற்கு அந்த முடக்கம் அதற்குத் தேவையே இல்லை.

அப்புறம், நம் உடம்பு தரும் பதில். காய்ச்சல், உடல்வலி, சளி எல்லாம் பெரும்பாலும் நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கைவரிசை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் இருந்தாலும் தானாக அதைக் கொல்வதில்லை. தொற்றிய செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது நம் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள். மஞ்சள் காமாலை வருவது அதனால். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது, எதிர்ப்பு மண்டலம் சண்டைக்கே போவதில்லை. ஆனால் வைரஸ் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும் அபாயம் அவர்களுக்குத்தான் மிக அதிகம்.

கிருமியைத் தொடாமலே நோயாளியைக் காப்பாற்ற முடியும் என்பதும் காலராவில்தான் தெளிவானது. நச்சு கெடுப்பது குளோரைடு வழியை. அதே செல்லில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. அதை நச்சு தொடுவதில்லை. செல்தான் சாகவில்லையே. உப்பும் குளுக்கோஸும் கரைந்த நீரைக் குடித்தால் அந்த வழியாக உப்பு உள்ளே போகும், தண்ணீர் கூடவே போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் குவிந்த மேற்கு வங்க எல்லை ஊரான போன்காவில் காலரா பரவி, ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் குழு உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த பொட்டலங்களை நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னது. முப்பது சதவீதம் வரை இருந்த மரணம், அவர்கள் பார்த்த முகாமில் 3.6 சதவீதமாகக் குறைந்தது. ஆன்டிபயாடிக் காலராவில் இன்றும் இரண்டாம்பட்சம்தான். நோயின் நாட்களைக் குறைக்கும், ஆனால் உயிரைப் பிடித்து நிறுத்துவது நீர்.

ஒரு எச்சரிக்கை. அந்த வழி சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துத்தான் இழுக்கும். இப்போதைய ஓஆர்எஸ் பொட்டலத்தில் இரண்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சமமாக இருப்பது அதற்காகத்தான். சர்க்கரை நிறைய, உப்பு கொஞ்சம் என்ற கணக்கில் குளிர்பானத்தையோ பழச்சாற்றையோ கொடுத்தால், உறிஞ்சப்படாத சர்க்கரை குடலிலேயே தங்கி உடம்பிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், பேதி கூடும். பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில், முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும்.