கை எழும் முன்பே இறுகும் வயிறு

“இரண்டு நிமிடம் அசையாமல் பிளாங்க் நிலையில் இருக்க முடிகிறது. ஆனால் ஒரு கையை எடுத்து எதிர்த் தோளைத் தொட்டால் இடுப்பு ஆடிவிடுகிறது. ஏன்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிளாங்கில், அதாவது முகம் தரையைப் பார்க்க உள்ளங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக இருக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளின்மேல்தான் இருக்கிறது. வலது கையை எடுத்தால் மிஞ்சுவது இடது கையும் இரு பாதங்களும். இந்த மூன்று புள்ளிகளையும் இணைத்தால் ஒரு முக்கோணம். அதன் கூர்முனை இடது கை. எடை குவிந்திருக்கும் இடமோ அந்த ஒடுங்கிய முனைக்கு அருகில், உடலின் நடுக்கோட்டில். பாதங்கள் ஒட்டியிருந்தால் ஈர்ப்பு மையம் முக்கோணத்துக்கு வெளியே விழுந்துவிடும். வலப்பக்கம் சரியாதிருக்க உடல் இடப்பக்கம் நகர்ந்தே ஆக வேண்டும். பாதங்களைத் தோளகலத்துக்கும் கூடுதலாக விரித்து வையுங்கள், ஆட்டம் பெரிதும் அடங்கும்.

மீதியை வயிற்றுத் தசைகள் பார்த்துக்கொள்கின்றன. என்னை ஒவ்வொரு முறையும் சிலிர்க்கவைக்கும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தசைகளில் ஆக உள்ளே இருப்பது குறுக்குத் தசை. கச்சை கட்டியதுபோல் இடையைச் சுற்றி ஓடுகிறது. ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் மயிரிழை போன்ற மின்கம்பிகளை அதற்குள் செலுத்தி, நிற்பவர்களிடம் கையை வேகமாக உயர்த்தச் சொன்னார்கள். முதுகுவலி இல்லாதவர்களிடம், கையைத் தூக்கும் தோள் தசைக்கும் முன்பாகவே குறுக்குத் தசை இறுகிவிட்டது. முந்துவது நொடியில் நூறில் சில பங்குதான். ஆனால் கை இன்னும் அசையவே இல்லை! வரப்போகும் குலுக்கலை நரம்பு மண்டலம் முன்கூட்டியே கணித்து, கைக்குக் கட்டளை போகும்போதே வயிற்றுக்கும் அனுப்பிவிடுகிறது. 1996இல் வெளியான அந்த ஆய்வில், கீழ்முதுகுவலி உள்ள 15 பேரிடம் இந்த இறுக்கம் தாமதமாகவே வந்தது.

இதற்கு வித்து இன்னும் பழையது. 1967இல் சோவியத் ஆய்வாளர்கள் பெலென்கி, குர்ஃபின்கெல், பால்ட்சேவ் மூவரும், கையைத் தூக்குமுன் கால் தசைகள் இயங்குவதைப் பதிவுசெய்தார்கள். கை தூக்குவதில் என்ன ஆராய்ச்சி என்று அன்று எவரேனும் நிதியை நிறுத்தியிருந்தால்? ‘இதனால் என்ன லாபம்’ என்று முதல் கேள்வியாகவே கேட்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

தோள்தொடு பிளாங்கில் அவசரம் வேண்டாம். மூச்சையும் அடக்க வேண்டாம். வலது கை தரையை விடுவதற்குச் சற்று முன்பு இடது உள்ளங்கையைக் கவனியுங்கள். அதன் அடிப்பகுதி தரையில் அழுந்தத் தொடங்கும். கை இன்னும் எழவில்லை. எடை அதற்குள் இடம் மாறிவிட்டது.