எந்தப் பக்கமிருந்து இறங்குவது?

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களில் பலருக்குப் புறப்பாடு சீக்கிரமே கைவந்துவிடும். உச்ச உயரத்துக்குப் போன பிறகு ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும். கஷ்டம் ஆரம்பிப்பது கடைசி 100 கடல் மைலில்தான். எந்த ஓடுபாதை, எந்த வழி, எந்த உயரம், எப்போது இறங்கத் தொடங்குவது என்ற கேள்விகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் மற்றவற்றுக்கு விடை கிடையாது. அதனால் பயணத் திட்டத்தை இறங்கும் ஓடுபாதையில் தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும் என்பது என் கட்சி. நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: அழகான வழி ஒன்றை வரைந்துவிட்டு, கடைசியில் ஓடுபாதையை ஒட்டவைக்கிறார்கள்.

ஓடுபாதையை யார் முடிவு செய்வது? பெரும்பாலும் காற்று.

நடுத்தர ஜெட் விமானம் ஒன்று சுமார் 140 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் இறங்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். சிறகுக்கு அதுதான் கணக்கு. எதிரே 20 நாட் காற்று அடித்தால் தரையைப் பொறுத்த வேகம் 120 ஆகிவிடும். முதுகில் 10 நாட் காற்று தள்ளினால் 150. வித்தியாசம் 30 நாட்தானே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். 150-ஐ 120-ஆல் வகுத்து இருமடி எடுத்தால் 1.56. அதாவது பிரேக்கும் எஞ்சினின் எதிர்த்தள்ளலும் சேர்ந்து 56 சதவீதம் கூடுதல் ஆற்றலை விழுங்கியாக வேண்டும். பெரும்பாலான பயணிகள் ஜெட்களுக்குப் பின்காற்று வரம்பு 10 நாட், சிலவற்றுக்கு 15 என்று வைத்திருப்பது இதனால்தான்.

ஓடுபாதையின் பெயரே அதன் திசை. காந்தத் திசைமானியில் எத்தனை பாகை என்று பார்த்து, பத்தால் வகுத்து, முழு எண்ணாக்கினால் பெயர் கிடைத்துவிடும். சென்னையின் முதன்மைப் பாதை 07/25. கிழக்கு-வடகிழக்கு நோக்கி இறங்கினால் 07, திருப்பி வந்தால் 25. குறுக்கே போகும் இரண்டாவது பாதை 12/30. பக்கத்தில் இணைப் பாதை இருந்தால் இடது, வலது என்று சேர்ப்பார்கள்.

காற்று எப்படி இருக்கிறது என்பதை மெட்டார் என்ற வானிலைக் குறிப்பு சொல்லும். பரபரப்பான விமான நிலையங்கள் அரை மணிக்கு ஒன்று வெளியிடுகின்றன. அதில் 22012 என்று இருந்தால் 220 பாகையிலிருந்து 12 நாட் காற்று வருகிறது என்று பொருள். ஓடுபாதை 25-இன் திசை 250 பாகை, வித்தியாசம் 30. இதற்குக் கால்குலேட்டர் வேண்டாம். வித்தியாசம் 30 பாகை என்றால் காற்றில் பாதி பக்கக்காற்று, 45 என்றால் பத்தில் ஏழு பங்கு, 60 என்றால் ஏறத்தாழ ஒன்பது பங்கு. இங்கே பக்கக்காற்று 6 நாட், எதிர்க்காற்று 10 நாட்டுக்குச் சற்று மேல். சுகமான தரையிறக்கம்.

ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. மெட்டாரில் வரும் காற்றுத்திசை புவியின் உண்மை வடக்கைப் பொறுத்தது. ஓடுபாதை எண் காந்த வடக்கைப் பொறுத்தது. சென்னையில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஓரிரு பாகைதான், கண்டுகொள்ள வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டிலில் அது சுமார் 15 பாகை. பக்கக்காற்று வரம்பை நெருங்கும் நாளில் அங்கே இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட முடியாது.

இப்போது ஒரு முழுப் பயணத்தைப் பார்ப்போம். பாங்காக்கிலிருந்து சென்னை. இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. தூரம் சுமார் 1,200 கடல் மைல், பறக்க மூன்று மணி நேரம் போல ஆகும். மே மாதம், இந்திய நேரம் காலை 9.30-க்குக் கிளம்புகிறீர்கள். சென்னை மெட்டார் 26010 என்கிறது. மேற்குக் காற்று; ஓடுபாதை 25. திட்டம் போடும் மென்பொருளும் அதையே தரலாம். பாங்காக்கிலிருந்து வருகிறவருக்கு 25 ஒரு வரம். கடல் பக்கமிருந்து ஏறக்குறைய நேராக வந்து, கிண்டி மேலாக, பரங்கிமலையை ஒட்டி இறங்கிவிடலாம்.

ஆனால் நீங்கள் சென்னை சேரும்போது மணி 12.30 தாண்டியிருக்கும். கோடையில் சென்னைவாசிகள் வாசல் பார்த்துக் காத்திருக்கும் கடற்காற்றின் நேரம் அது. காலை வெயிலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே எழ, அங்கே அழுத்தம் குறைகிறது. கடலின் மேல் இருக்கும் குளிர்ந்த, கனமான காற்று அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. எதிரே மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று தாமதமாக வரும், சில நாள் வரவே வராது. வந்துவிட்டால் காற்றாடிக் கொடி சில நிமிடங்களில் திரும்பிவிடும்.

மெட்டார் இப்போது 12012 என்று மாறியிருக்கிறது. 07-க்கு இது 50 பாகை வித்தியாசம்: எதிர்க்காற்று 8 நாட்டுக்குச் சற்றுக் குறைவு, பக்கக்காற்று 9. அதே காற்று 25-க்கு 8 நாட் பின்காற்று. 12-க்கு நேரெதிர்க் காற்றுதான், ஆனால் அந்தக் குறுக்குப் பாதை சுமார் 2,900 மீட்டர், முதன்மைப் பாதை சுமார் 3,660 மீட்டர். ஆக 07. கிழக்கிலிருந்து வரும் நீங்கள் நகரைத் தாண்டி மேற்கே போய், திரும்பி, கிழக்கு நோக்கி இறங்க வேண்டும். வழி சுமார் 20 முதல் 25 கடல் மைல் நீண்டுவிட்டது.

இந்த 20 மைல் வெறும் நேர விரயம் என்று நினைத்துவிடக் கூடாது. இறங்கும் கணக்கு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. வழக்கமான இறக்கச் சரிவு 3 பாகை. ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி. ஆகவே 1,000 அடி இறங்கச் சுமார் 3 மைல் வேண்டும். 36,000 அடியிலிருந்து என்றால் 108 மைல், வேகத்தைக் குறைக்க இன்னும் 10 மைல், மொத்தம் 118. இது நேர்கோட்டுத் தூரம் அல்ல, நீங்கள் உண்மையில் பறக்கப்போகும் வழியின் தூரம். 07 என்று நம்பி இறக்கத்தைத் தள்ளிப்போட்டிருக்கும்போது கடைசி நேரத்தில் 25 கிடைத்தால், விமானம் இருக்க வேண்டிய இடத்தைவிட 6,000 அடிக்கும் மேல் உயரத்தில் நிற்கும். ஜெட் விமானத்துக்கு ஒரே நேரத்தில் இறங்குவதும் வேகம் குறைவதும் பிடிக்காத காரியம். 25 என்று நம்பி 07 கிடைத்தால் பரவாயில்லை. தாழ்வாகக் கொஞ்சம் கூடுதல் எரிபொருள் செலவழித்துச் சுற்றிக்கொள்ளலாம். சந்தேகம் என்றால் குறுகிய வழிக்கே இறக்கத்தைத் திட்டமிடுங்கள்.

புறப்படும்போது மெட்டாரை மட்டும் பார்ப்பது போதாது என்பது இதிலிருந்தே தெரியும். டாஃப் என்ற முன்னறிவிப்பு 24 அல்லது 30 மணி நேரத்துக்குக் காற்று எப்போது எப்படி மாறும் என்று சொல்லும். சிமுலேட்டர் நேரடி வானிலையை இழுத்துக்கொள்கிறதென்றால், பயணத் திட்டத்தில் போட வேண்டியது சேரும் நேரத்துக் காற்றைத்தான்.

அடுத்து வழி. நெடுந்தூர வான்வழியிலிருந்து விமான நிலையத்தின் அருகே கொண்டுவந்து சேர்க்கும் நிலையான வருகை வழிக்கு ஸ்டார் என்று பெயர். இன்ன புள்ளியை இந்த உயரத்துக்கு மேல் கடக்க வேண்டும், இன்ன இடத்தில் வேகம் இவ்வளவு என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். ஸ்டார் முடிந்த இடத்திலிருந்து ஓடுபாதைவரை கொண்டுபோவது அப்ரோச். சில நிலையங்களில் இரண்டும் பொதுவான ஒரு புள்ளியில் கச்சிதமாகப் பொருந்தும். சில இடங்களில் பொருந்தாது. புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

லண்டன் ஹீத்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்டார்கள் ஓடுபாதைக்கு வருவதே இல்லை. நகரைச் சுற்றி நான்கு காத்திருப்பு இடங்கள்: வடமேற்கில் பாவிங்டன், வடகிழக்கில் லேம்போர்ன், தென்கிழக்கில் பிகின், தென்மேற்கில் ஓக்கம். ஸ்டார் இவற்றில் ஒன்றில் முடிந்துவிடும். நெரிசல் நேரத்தில் விமானங்கள் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு போல 1,000 அடிக்கு ஒன்றாக வட்டமிடும். கீழ்மாடி காலியானதும் மேலே இருப்பவர் ஒரு மாடி இறங்குவார். அதன் பிறகு கன்ட்ரோலர் ஒவ்வொரு விமானத்துக்கும் திசையும் உயரமும் வேகமும் சொல்லிச் சொல்லி, ஓடுபாதைக்கு நேராக வரும் இறுதிக் கோட்டில் வரிசையாகக் கோர்ப்பார். அந்தப் பகுதிக்கு அச்சிட்ட வழி கிடையாது. அதனால்தான் உங்கள் விமானத்தின் கணினித் திரையில் லேம்போர்னுக்கும் இறுதிக் கோட்டுக்கும் நடுவே வழி துண்டாகியிருக்கிறது என்ற அறிவிப்பு நிற்கிறது. மென்பொருள் பழுது என்று நினைத்து அதை அவசரமாக அழித்துவிட்டால், விமானம் லேம்போர்னிலிருந்து நேராக அடுத்த புள்ளிக்கு வெட்டிக்கொண்டு ஓடும். இறுதிக் கோட்டில் மோசமான கோணத்தில் போய் முட்டும். லேம்போர்ன் ஹீத்ரோவிலிருந்து சுமார் 25 மைல். மேற்கு நோக்கி 27-இல் இறங்குவதென்றால் இறுதிக் கோட்டில் 10, 12 மைல் தள்ளி ஒரு புள்ளியை நீங்களே வைத்துக்கொண்டு, அதை நோக்கித் திரும்புவது நல்லது. வாட்ஸிம் போன்ற இணைய வலைகளில் மனிதக் கன்ட்ரோலர் இருந்தால் அவரே திசை சொல்லிவிடுவார்.

ஹீத்ரோவில் இன்னொன்றும் கற்கலாம்: காற்று மட்டுமே முதலாளி இல்லை. கிழக்கிலிருந்து லேசாக 5 நாட்வரை காற்று வந்தாலும் அங்கே மேற்கு நோக்கியே இயங்குவார்கள். மேற்கு நோக்கி இயங்கும் நாட்களில் 27 இடது, 27 வலது இரண்டில் ஒன்று இறங்க, மற்றது ஏற. மாலை 3 மணிக்கு மாற்றிக்கொள்வார்கள். விமானப் பாதைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அரை நாளாவது காதுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு. சிமுலேட்டரின் சொந்தக் கட்டுப்பாட்டுக் குரலுக்கு இந்த நாகரிகமெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில் உண்மையில் விமானங்கள் எதில் இறங்குகின்றன என்று விமானத் தடம் காட்டும் தளம் ஒன்றில் எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். காத்மாண்டுவில் மலை தீர்மானிக்கிறது: பெரும்பாலும் தெற்கிலிருந்து 02-இல் இறங்கி, திரும்பி 20-இல் கிளம்பிப் போகிறார்கள்.

சிமுலேட்டருக்கே உரிய தலைவலி ஒன்று இருக்கிறது. அதில் காட்சி, வழித்தரவு, வானிலை மூன்றும் தனித்தனிப் பெட்டிகள். நிஜ உலகின் வழித்தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. காட்சி அப்படியே கிடக்கும். காந்த வடக்கு மெல்ல நகர்வதால் ஓடுபாதை எண்ணும் எப்போதாவது மாறும். லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் 2009-இல் 05/23 என்பது 04/22 ஆனது. 2006-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸில் அது பழைய எண்ணிலேயே இருக்கும். புதிய வழித்தரவை அதில் ஏற்றினால் விமானம் 22-ஐத் தேடும், காட்சியில் 23 இருக்கும். தார்ச்சாலை ஒன்றுதான், எண் மட்டும் வேறு. ஆனாலும் மென்பொருள் பிடிவாதம் பிடிக்கும்.

இதே வகையில் ஐஎல்எஸ். ஓடுபாதையின் நடுக்கோட்டையும் 3 பாகைச் சரிவையும் ரேடியோ அலையாக அனுப்பும் கருவி இது. ஹீத்ரோவின் வடக்குப் பாதையில் 27 வலதுக்கும் 09 இடதுக்கும் ஒரே அலைவரிசை, 110.30. ஒரு நேரத்தில் ஒரு முனைதான் இயங்கும் என்பதால் நிஜத்தில் குழப்பமில்லை. சில சிமுலேட்டர்களில் காற்றுக்கு ஏற்ற முனைதான் உயிரோடு இருக்கும். காற்றை மீறி மறுமுனையில் இறங்கப் போனால் ஊசி தலைகீழாக ஆடும்.

ஓடுபாதையை எப்போது உறுதி செய்வது? இறக்கம் தொடங்க 20, 30 நிமிடம் இருக்கும்போது நிலையத்தின் வானிலையையும் பயன்பாட்டில் உள்ள ஓடுபாதையையும் சொல்லும் ஏடிஸ் ஒலிபரப்பைக் கேட்டு, அப்ரோச்சை ஏற்றி, இறங்க முடியாமல் போனால் எந்த உயரத்துக்கு ஏறுவது என்பதையும் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். ஏர்பஸ்ஸின் விமானக் கணினியில் இரண்டாவது திட்டம் என்று ஒரு பக்கம் இருக்கிறது, போயிங்கில் பலவற்றில் இரண்டாவது வழி. 07 முதலில் ஏறியிருந்தால் 25-ஐ அதில் போட்டு வைக்கலாம். மாற்றம் வந்தால் சில பொத்தான்களோடு வேலை முடியும். 27 இடதிலிருந்து வலதுக்கு மாறுவதென்றால் பெரும்பாலும் ஐஎல்எஸ் அலைவரிசை மாற்றம்தான். திசையே தலைகீழானால் அப்படி முடியாது. அந்த 6,000 அடியை எங்கேயாவது கரைத்தாக வேண்டும். மூக்கைக் கவிழ்த்து, சிறகுத் தடுப்புகளை முழுக்க விரித்து மல்லுக்கட்டுவதைவிடக் காத்திருப்பு வட்டம் ஒன்று போடுவது மேல். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம், நிமிடத்துக்கு 1,500 அடி; ஒரே சுற்றில் கணக்கு தீர்ந்துவிடும். பின்னால் உட்கார்ந்து கடிகாரம் பார்க்கும் பயணிகளும் இல்லை.